மற்றவர்கள் பெயரில் பெருமாள்சாமி

பெருமாள்சாமிக்கு முதலுதவி தெரியும். பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவனின் நெஞ்சில் எந்த இடத்தில் கை வைத்து அழுத்த வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தெருநாடகம் தெரியும். கண்ணாடி ஜாடிக்குள் குட்டித் தோட்டம் வைக்கத் தெரியும். சைகை மொழியில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்கத் தெரியும். மைக்கைப் பிடித்து, கால் நடுங்குவது வெளியே தெரியாமல் இங்கிலீஷில் பேசத் தெரியும். இதில் எதுவுமே அவனுக்குத் தெரியாது என்பது காலேஜின் முடிவு.

அந்த முடிவை ஒரு திங்கட்கிழமை அவனிடம் சொன்னவர் ஷோபா மேடம். பாடப் புத்தகத்துக்கு வெளியே மாணவர்கள் என்னென்ன செய்கிறார்களோ, அதற்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"பேரைச் சரியா சொல்லுப்பா."

"பெருமாள்சாமி மேடம். பி.காம் ஃபைனல் இயர்."

"அதைத்தான் போட்டேன். மூணு வருஷமா என்ன பண்ணே? ஒரே ஒரு வொர்க்‌ஷாப்புக்குக்கூட போகலியே நீ?"

"போனேன் மேடம்."

"எதுக்குப் போனே?"

பெருமாள்சாமி வாயைத் திறந்தான். 'எல்லாத்துக்கும்' என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் பரீட்சையில் பாஸானால் மட்டும் பட்டம் கையில் வந்துவிடாது. மூன்று வருடத்தில் ஐந்து பயிற்சிப் பட்டறைகளுக்காவது போய், ஐந்து சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். பெருமாள்சாமி எல்லாப் பேப்பரிலும் பாஸ். ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் மிஷின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி அவனை ஆபீஸ் டிரெய்னியாக எடுத்துக்கொள்ளத் தயார். வெள்ளிக்கிழமைக்குள் புரொவிஷனல் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். அதை வாங்கத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அம்மா தேய்த்த மடிப்பு இன்னும் கலையவில்லை.

ஷோபா மேடம் கெட்டவர் இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார்.

"சில டிரெய்னருங்க பேரை அனுப்ப மறந்துடுவாங்க. நீ போனது நிஜம்னா, அவங்ககிட்ட சொல்லி எனக்கு மெயில் போடச் சொல்லு. அஞ்சு மெயில். வெள்ளிக்கிழமை மத்யானம் வரைக்கும் நான் ஏத்துவேன். அப்புறம் சிஸ்டம் லாக் ஆயிடும். நானே போய் அழுதாலும் திறக்காது."

வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். 'கற்றலுக்கு அப்பால்' என்று கொட்டை எழுத்து. அதன் நடுவில், பொம்மை ஒன்றின் தலைக்குக் கட்டுப் போட்டபடி, பல்லெல்லாம் தெரிய சிரித்துக்கொண்டிருந்தவன் சாட்சாத் பெருமாள்சாமி. ஷோபா மேடத்தை இழுத்து வந்து காட்டலாமா என்று ஒரு வினாடி தோன்றியது. காட்டினால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் அன்றைக்கு நீ யார் பெயரில் உட்கார்ந்திருந்தாய்?

செக்யூரிட்டிக்காரர் ஃப்ளெக்ஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் தம்பி, அது நீதானே? ஃபேமஸ் ஆயிட்ட!"

"நான் இல்லண்ணா," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், முதல் வருடத் தீபாவளி முடிந்த கையோடு அவன் நைனா ஓட்டிக்கொண்டிருந்த லோடு ஆட்டோ ஒரு திருப்பத்தில் கவிழ்ந்தது. முறிந்த கால் எலும்பு கூடியது, ஆனால் பிரேக்கை மிதிக்கிற பலம் அந்தக் காலுக்குத் திரும்பவில்லை. அன்றிலிருந்து, விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டில் கீரைக்கட்டும் காய்கறி மூட்டையும் ஏற்றி, அல்சூர், காக்ஸ் டவுன் கடைகளில் இறக்குவது பெருமாள்சாமியின் வேலை. எல்லாம் இறக்கிவிட்டு, உடம்பெல்லாம் கொத்தமல்லி வாசனையோடு அவன் வகுப்புக்குள் நுழையும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது.

காப்பாற்றியவன் வகுப்புத் தோழன் விக்கி. அவனுக்கு எல்லார் குரலும் வரும். பிரின்சிபால் குரலில் கேன்டீனுக்கு ஃபோன் போட்டு, பெஞ்சு முழுக்க மசாலா தோசை வரவழைத்தவன். பெருமாள்சாமியின் அடித்தொண்டைக் குரலெல்லாம் அவனுக்கு ஜுஜுபி. லெக்சரர் பெயரைக் கூப்பிட்டதும் "பிரசன்ட் சார்!" விக்கி வராத நாளில் நோயல் சொல்வான். அன்றைக்கு மட்டும் பெருமாள்சாமி சர்ச்சில் பாடுகிறவன் மாதிரி ராகமாக வந்திருப்பான். லெக்சரர் தலையை நிமிர்த்தியதே இல்லை.

இந்த உதவிக்குப் பதிலாகத்தான் சனிக்கிழமைகள். பட்டறைகளெல்லாம் சனிக்கிழமையில்தான் வைப்பார்கள். அன்றைக்கு விக்கிக்குத் தூக்கம், நோயலுக்கு சர்ச்சில் கொயர் பாட்டு பிராக்டிஸ், கூடப் படிக்கிற ஷ்ரேயாவுக்கு டான்ஸ் கிளாஸ். "நான் போறேன் மச்சா, உன் பேர்ல," என்று பெருமாள்சாமியே முன்வந்தான். சொல்லித்தர வருகிறவர்கள் வெளியாட்கள். பெயரைக் கூப்பிடுவார்கள், கை தூக்கினால் சரி. ஒரே ஒருமுறைதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தான்.

"ஷ்ரேயா?"

"எஸ் சார்."

ஜாடித் தோட்டக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீ ஷ்ரேயாவா?"

"எங்க பக்கம் பசங்களுக்கும் வெப்பாங்க சார்."

எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. ஜாடியையும் பாசியையும் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்று வருடம் இப்படி ஓடியதில் பெருமாள்சாமிக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. தன் கணக்கிலும் ஏதோ சேர்ந்துகொண்டே இருக்கிறது என்ற மயக்கம். சேராமல் எப்படி? போனது அவன். கட்டுப் போட்டது அவன் கை. நாடகத்தில் கத்தித் தொண்டை கட்டியது அவனுக்கு. சான்றிதழ் மட்டும் மெயிலில் வேறு யாருக்கோ போயிற்று. இவன் பெயரில் போக யாருமே இல்லை என்பது விக்கிக்குத் தோன்றவில்லை, நோயலுக்குத் தோன்றவில்லை, ஷ்ரேயாவுக்குத் தோன்றவில்லை. இவனுக்கே தோன்றாதது அவர்களுக்கு எங்கே தோன்றப் போகிறது?

அல்சூர் வீட்டில் அம்மா சரசு வாசலிலேயே நின்றிருந்தாள். ஐ.டி. கம்பெனி ஒன்றில் தரை துடைக்கிற வேலை அவளுக்கு. 'எம் பையனும் ஆபீஸ் போறான்' என்று அங்கே ஒரு மாடி விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

"இன்னாடா, வாங்கினியா?"

"கம்ப்யூட்டர் ரிப்பேரும்மா. வெள்ளிக்கிழமை தருவாங்களாம்."

"கம்ப்யூட்டர் சொல்லித் தர்ற எடத்துலயே ரிப்பேரா? நல்லா கீது போ."

நைனா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் அவசரம் இல்ல. வண்டிச் சாவியப் போன வாரமே ஓனர்கிட்ட குடுத்தாச்சு. புது ஆளும் போட்டுட்டாரு. எம் பையன் இனிமே ஃபேனுக்கு அடியில உக்காருவான்னு சொல்லிட்டு வந்தேன்," என்றார். வருடக் கணக்காக அவர் முகத்தில் இல்லாத ஒரு தெம்பு இருந்தது. பெருமாள்சாமி சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டினான். திரும்பிப் போக வண்டியும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ஹாலில் தெருநாடகக்காரர் நாகேஷ் சாரைப் பிடித்தான். அங்கே வேறு ஏதோ காலேஜ் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"விக்கி! வாடா என் சிங்கமே!"

"சார், நான் விக்கி இல்ல சார்."

நாகேஷ் சார் ஒரு கணம் கண்ணைச் சுருக்கினார். பிறகு முகம் மலர்ந்து, பிள்ளைகளைப் பார்த்துக் கை தட்டினார். "பாருங்க, பாருங்க! உள்ள வந்ததும் சீனை ஆரம்பிச்சுட்டான். சரி, நீ விக்கி இல்ல. அப்ப நீ யாரு?"

"பெருமாள்சாமி சார்."

"அட, பேரெல்லாம் பிரமாதம்! சொல்லு பெருமாள்சாமி, உனக்கு என்ன வேணும்?"

"விளையாடல சார். நான் நாடகத்துக்கு வந்தேன்னு நீங்க ஒரு மெயில் போடணும். இல்லன்னா எனக்கு வேலை போயிடும்."

"குரல் பத்தல. கடைசி வரிசைக்குக் கேக்கணும். வேலை போயிடும்னு சொல்றவன் இப்படியா நிப்பான்? கையை எங்க வெப்பான்?"

பெருமாள்சாமிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவனை அறியாமல் கண் நிறைந்து வழிந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அவன் பேன்ட் பாக்கெட்டிலிருந்து காலேஜ் அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். நாகேஷ் சார் படித்தார். உயர்த்தியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. அவனைத் தோளோடு தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு, "என்னையே ஏமாத்தற அளவுக்கு நடிச்சிருக்கே. அதுக்கு உனக்கு ரெண்டு சர்டிபிகேட் தரலாம்," என்றார். சிரிக்கவில்லை. "மெயில் போடறேன். ஆனா அன்னிக்கு என் எதிர்ல இருந்தது ஒரு ஆளு. நீ வந்தேன்னு எழுதினா, விக்கி வரலைன்னும் எழுதணும். ஒரு உடம்புக்கு ரெண்டு பேர் போட மாட்டேன். யார் பேரைப் போடணும்னு நீயே சொல்லு."

பெருமாள்சாமி ஏரிக்கரைக் கம்பியில் சாய்ந்துகொண்டு விக்கிக்கு ஃபோன் போட்டான்.

"மச்சா, என்கிட்ட சரியா அஞ்சுதான் இருக்கு," என்றான் விக்கி. குரலில் விளையாட்டே இல்லை. யார் குரலையும் போலச் செய்யாத விக்கியின் குரல் இவ்வளவு சன்னமாக இருக்கும் என்று பெருமாள்சாமிக்கு அன்றுதான் தெரிந்தது. "கம்பெனில இப்பதான் என் பேப்பரெல்லாம் செக் பண்றாங்க. ஒண்ணு பொய்னு வந்தா தூக்கி வெளிய போட்டுடுவாங்க. டேய், இருக்கியா?"

"இருக்கேன்."

"மூணு வருஷம் காலைல உனக்காக நான் கத்தினேன்டா. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்தக் குரல் இல்லாவிட்டால் அவன் பரீட்சை ஹாலுக்குள்ளேயே போயிருக்க முடியாது. "சொல்ல மாட்டேன் மச்சா. வை," என்றான். உள்ளே போய் நாகேஷ் சாரிடம், "விக்கியே இருக்கட்டும் சார்," என்றான்.

ஷ்ரேயாவின் ஐந்து சான்றிதழும் மேல்படிப்புக்காக ஏற்கனவே கடல் தாண்டிப் போயிருந்தன. அவள் அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் 'சாரிடா' என்ற வார்த்தை வந்துகொண்டே இருந்தது. பெருமாள்சாமி பாதியில் நிறுத்திவிட்டான்.

மிச்சம் நோயல். அவனிடம் ஆறு இருந்தன. ஆறுக்கும் போனது பெருமாள்சாமிதான். ஒன்று போனாலும் ஐந்து நிற்கும் என்பதால் நோயல், "முதலுதவியை எடுத்துக்கோடா, நானே கூட வர்றேன்," என்றான்.

முதலுதவி சொல்லிக்கொடுத்த ஆஞ்சலா மிஸ், நோயலின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி காக்ஸ் டவுனிலேயே இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயல் குடும்பம் போகிற சர்ச்சுக்குத்தான் அவரும் போவார். அவர் வருகிற பக்கமே தலைகாட்டாமல் நோயல் கொயர் மாடியில் ஒளிந்துகொண்டிருந்தது தனிக் கதை. வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் போனபோது அவர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அடடே, நோயல்! வா கண்ணு," என்று பெருமாள்சாமியின் கன்னத்தைத் தட்டினார். "உங்கம்மாவை சர்ச்சுல பாத்தேன். உங்க பையன் கட்டுப் போட்டா ரத்தமே வெக்கப்பட்டு நின்னுடும்னு சொன்னேன். அவங்களுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

பின்னால் நின்ற நோயல் தரையைப் பார்த்தபடி, "மிஸ், அது எங்கம்மா," என்றான்.

"எது?"

"சர்ச்சுல நீங்க பாத்தது. நான்தான் நோயல்."

ஆஞ்சலா மிஸ் இரண்டு முகத்தையும் பார்த்தார். புரிந்ததும் முகம் சிவந்தது. கோபமெல்லாம் நிஜ நோயல் மேல்தான் போயிற்று.

"ஏன்டா, யாராவது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா, இவன் சர்டிபிகேட் வெச்சிருக்கானேன்னு உன்னைத்தானே கூப்பிடுவாங்க? அப்ப என்ன பண்ணுவே? பாட்டு பாடுவியா?"

"எடுத்துடுங்க மிஸ்," என்றான் நோயல். காது இரண்டும் ரத்தச் சிவப்பு. "அதை இவன் பேருக்கு மாத்திடுங்க."

அவர் நின்ற இடத்திலேயே ஃபோனில் மெயில் அடித்தார். "உன் பேரு என்ன? முழுசா சொல்லு," என்று கேட்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். போகும்போது நோயலிடம், "நீ அடுத்த சனிக்கிழமை வந்து ஒழுங்கா கத்துக்கோ. உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

 தெருமுனையில் நோயல் ஸ்கூட்டரை நிறுத்தினான்.

"இன்னும் நாலு வேணும் உனக்கு. என்கிட்ட அஞ்சு இருக்கு. எல்லாம் நீ போனதுதானே. எடுத்துக்கோ."

"அப்ப உனக்கு?"

"எனக்குத்தான் இன்னும் வேலையே கிடைக்கலியே. அடுத்த வருஷம் வாங்கிக்கறேன். நாளைக்கு ஷோபா மேடத்துகிட்ட நானே சொல்றேன், அந்த நாலுக்கும் நான் போகல, இவன்தான் போனான்னு."

"உங்கம்மா?"

நோயல் ஹாரனைச் சும்மா ஒருமுறை அழுத்தினான். 'வேண்டாம்டா' என்று பெருமாள்சாமி உடனே சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும். சொல்லவில்லை. "சரி," என்றான். கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறவனுக்கு நீட்டிய கை யாருடையது என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஷோபா மேடத்தின் அறையில் கூட்டம் முட்டியது. இவர்கள் முறை வந்தபோது அவர் குரல் கரகரத்துப் போயிருந்தது.

"ஆஞ்சலா மேடம் மெயில் வந்துச்சு. ஒண்ணு ஏத்திட்டேன். மிச்சம் நாலு எங்கப்பா?"

நோயல் முன்னால் ஒரு அடி வைத்தான். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் சான்றிதழ்கள். அவன் அம்மா ஷோகேஸில் சீனாப் பொம்மைக்குப் பின்னால் பிரிண்ட் போட்டு வரிசையாக ஒட்டி வைத்திருந்ததை, ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லிப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தான். மூலைகளில் செலோடேப் இன்னும் தொங்கியது. ஒரு டேப்பில் ஷோகேஸின் தங்கக் கலர் பெயின்ட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"மேடம்," என்றான் நோயல். ஃபைலை மேஜை மேல் வைத்தான். "மேடம், நான் வந்து..."

அந்தப் பெயின்ட்டைப் பார்த்த பெருமாள்சாமிக்கு என்னவோ ஆயிற்று. எத்தனையோ சனிக்கிழமை நோயலாக இருந்திருக்கிறான். நோயல் என்று கூப்பிட்டால் திரும்பியிருக்கிறான். நோயலுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருக்கிறான், அவன் அம்மாவை சர்ச்சில் அழ வைக்கும் அளவுக்கு. இப்போது அவனே நின்று அந்த நோயலைக் கெடுப்பதா? நோயலின் காலை ஷூவோடு சேர்த்து மிதித்தான்.

"இவன் சும்மா துணைக்கு வந்தான் மேடம். வேற மெயில் வராது."

"வராதுன்னா? போனேன்னு சொன்னியே!"

"ஒண்ணுக்குத்தான் போனேன் மேடம்."

மூன்று வருடத்தில் அவன் சொன்ன பொய்களிலேயே பெரியது அதுதான். அதை மட்டும் சொந்தப் பெயரில் சொன்னான்.

"டேய்!" என்றான் நோயல். பெருமாள்சாமி காலை எடுக்கவில்லை. ஷோபா மேடம் இருவரையும் சற்று நேரம் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"அடுத்த செமஸ்டர்ல வந்து நாலையும் முடி. இப்ப என்னால ஒண்ணும் ஆகாதுப்பா."

மத்தியானம் நோயல் ஸ்கூட்டரிலேயே பொம்மசந்திரா போனார்கள். நேரில் போய்க் கெஞ்சிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நோயல் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். அவன் முதுகுகூடக் கோபமாக இருந்தது.

கம்பெனியில் ஆளெடுக்கிற சோனியா மேடம் தமிழ்தான். பொறுமையாகக் கேட்டார். "சர்டிபிகேட் இல்லாம டிரெய்னியா எடுக்க முடியாதுங்க. என் கைல இல்ல." பெருமாள்சாமி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா வாசலில் நிற்பாள். "ஒரு மாசம் டைம் குடுங்க மேடம். சம்பளம் இல்லாமக்கூட வர்றேன்," என்றான். குரல் கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

சோனியா மேடம் பேனாவை மூடி வைத்தார். "பேக்கிங் லைன்ல ஆள் வேணும். கான்ட்ராக்ட். ஷிஃப்ட் வேலை. டிகிரியெல்லாம் கேக்க மாட்டாங்க. திங்கட்கிழமை வரீங்களா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அவன் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"வர்றேன் மேடம்," என்றான்.

நோயல் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தான்.

"இன்னாடா சொன்னாங்க?"

"திங்கட்கிழமைலேந்து வரச் சொல்லிட்டாங்க."

"கிடைச்சிடுச்சா!" என்று கத்திவிட்டான் நோயல். டீ அவன் கையில் சிந்தியது.

"பேக்கிங்ல. பெட்டி கட்டற வேலை."

நோயல் கிளாஸை வைத்தான். ஸ்கூட்டர் ஹேண்டில் மேல் கவிழ்ந்துகொண்டு, வெட்கமே இல்லாமல், ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் பார்க்க, ஓவென்று அழுதான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாராவது தவறிட்டாங்களா தம்பி?" என்று பெருமாள்சாமியிடம் கேட்டார்.

"இல்லண்ணா," என்றவன் நோயலின் முதுகில் தட்டினான். "ஏய், நிறுத்துடா. நீ அழுதா நான் எங்கடா போய் அழறது?"

நோயல் நிறுத்தவில்லை. பெருமாள்சாமி டீக்குக் காசைக் கொடுத்தான். நோயல் ஓரளவு அடங்கி வண்டியைக் கிளப்பும்வரை காத்திருந்து, தன் ஹெல்மெட்டை மாட்டி, அதன் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினான். அல்சூர் வந்து, தெருமுனையில் அம்மா நிற்பது தெரியும்வரைக்கும் அதை அவன் உயர்த்தவில்லை.